மீனுக்கு முன்னால் தண்ணீரை வளர்ப்போம்

(வீட்டுத் தோட்டக் குழுக்களின் மாதக் கூட்டத்தில் எமது சமூக அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர முடியாதவர்களும் வாசித்துப் பயன்பெற வேண்டும் என்பதற்காக இங்கே தருகிறோம்.)



பகல் முழுக்க மலையில் நின்று, மடுவத்தில் கொழுந்து நிறுத்து, பிள்ளைக் காம்பராவில் விட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே இங்கே வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

வீட்டுப் பக்கத்தில் சின்னதாக ஒரு மீன் குளம் வெட்ட வேண்டும் என்று பல குடும்பங்கள் ஆசைப்படுகின்றன. நல்ல ஆசைதான். சோறும் ரொட்டியும் கிழங்கும் நம்மிடம் இருக்கின்றன. பிள்ளை வளர்வதற்கு வேண்டிய புரதம்தான் குறைவு. கருவாடு விற்கிற விலையில் அதையும் யோசித்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. வாரத்தில் ஒரு நாளாவது குளத்து மீன் சட்டிக்கு வந்தால் அது பெரிய உதவி.

ஆனால் பல இடங்களில் நடப்பது என்ன? ஞாயிற்றுக்கிழமை குழி வெட்டுவார்கள். திங்கட்கிழமை தண்ணீர் விடுவார்கள். அந்த வாரமே மீன் குஞ்சு வாங்கி வந்து கொட்டுவார்கள். பத்து நாளில் குஞ்சுகள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும். "நமக்கு மீன் ராசி இல்லீங்க" என்று குழியை மூடிவிட்டுப் போய்விடுவார்கள். இதில் ராசிக்கு ஒரு வேலையும் இல்லை. அந்தத் தண்ணீர் மீன் வாழத் தயாராகவில்லை, அவ்வளவுதான். மீன் தின்பதும் தண்ணீரில், மூச்சு விடுவதும் தண்ணீரில், கழிப்பதும் அதே தண்ணீரில். ஆகவே முதல் மூன்று வாரம் தண்ணீரை மட்டும் வளருங்கள். அதற்குப் பிறகு மீனை வளர்க்கலாம்.

இடம் பார்ப்பது

குளம் வெட்டுவதற்கு முன் தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேளுங்கள். காணி நம்முடையது அல்ல என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. சரிவில் குழி வெட்டித் தண்ணீரைத் தேக்கினால் அந்தத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி மலையை இளக்கிவிடும். 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் யாரும் மறக்க மாட்டோம். லயத்துக்கு மேல் பக்கத்திலோ, மண் வெடிப்புத் தெரிகிற இடத்திலோ, புதிதாக ஊற்றுக் கசிகிற சரிவிலோ எந்தக் காரணத்துக்காகவும் குளம் வேண்டாம். மட்டமான இடம் பாருங்கள். சந்தேகம் இருந்தால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையை நிர்வாகத்தின் மூலம் கேட்கலாம்.

மலசலகூடக் குழிக்குக் கீழே குளம் இருக்கக்கூடாது. மரத்துக்கு நேர் கீழேயும் வேண்டாம். யூகலிப்டஸ் இலை விழுந்து ஊறினால் தண்ணீர் தேயிலைச் சாயம் போலக் கறுத்துவிடும். நாளில் பாதி நேரமாவது வெயில் விழுகிற இடம் நல்லது. குளத்தைச் சுற்றி மிலாறு நட்டு நெருக்கமாக வேலி கட்டுங்கள். இடுப்பளவு தண்ணீர் பெரியவர்களுக்கு ஒன்றுமில்லை. தவழும் பிள்ளைக்கு அது உயிராபத்து.

தண்ணீர்க் கணக்கு

5 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், 1 மீற்றர் ஆழம். ஒரு வீட்டுக்கு இது போதும். இதில் 20,000 லீற்றர் தண்ணீர் பிடிக்கும். உங்கள் பீலியில் 10 லீற்றர் வாளி நிறைய ஒரு நிமிடம் ஆகிறது என்றால், இந்தக் குளம் நிறைய 33 மணித்தியாலம் வேண்டும். பகலில் பீலியைக் குளத்துக்குத் திருப்பினால் லயத்தில் யாருக்கும் சமைக்கத் தண்ணீர் இருக்காது. சண்டைதான் மிஞ்சும். எல்லோரும் தண்ணீர் பிடித்து முடித்த பிறகு, இரவில் மட்டும் திருப்புங்கள். நான்கைந்து இரவில் நிறைந்துவிடும். மழைக்காலத்தில் வெட்டினால் வேலை இன்னும் சுலபம். தை, மாசி வறட்சியில் புதுக் குளம் தொடங்க வேண்டாம்.

பீலித் தண்ணீரைக் குழாயால் அடியில் விடாமல், ஓர் ஆள் உயரத்திலிருந்து சிதறி விழும்படி விடுங்கள். நிலத்துக்குள்ளிருந்து வருகிற ஊற்றுத் தண்ணீரில் மீனுக்கு வேண்டிய ஒட்சிசன் குறைவு. சிதறி விழும்போது காற்றோடு கலந்து அது சேரும். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் என்றால், நிரப்பிய பிறகு மூன்று நாளாவது வெயில் படும்படி விட்டுவையுங்கள். பிறகுதான் அதில் உயிர் எதையும் விடலாம்.

டொலமைட் எதற்கு?

தேயிலைக்குப் புளிப்பு மண் பிடிக்கும். பீ.எச். பெறுமானம் 4.5 முதல் 5.5 வரை உள்ள மண்ணில்தான் அது நன்றாக வளர்கிறது. மீனுக்கு வேண்டியது 6.5 முதல் 8.5 வரை. ஆக, தேயிலை நன்றாக வளர்ந்த மண்ணில் குழி வெட்டித் தண்ணீர் விட்டால், அந்தத் தண்ணீர் மீனுக்குப் புளிப்பாகிவிடும். புளிப்புத் தண்ணீரில் மீன் சரியாகத் தின்னாது, வளராது. பீ.எச். 4 வரை இறங்கினால் செத்துவிடும்.

இதற்கு மருந்து நமக்குத் தெரிந்ததுதான். கவ்வாத்து வெட்டிய மலைக்குப் போடுகிறோமே, அதே டொலமைட். நாம் சொன்ன அளவுக் குளத்துக்கு 4 கிலோ போதும். தண்ணீர் விடுவதற்கு முன் குழியின் அடியிலும் கரையின் உள்பக்கத்திலும் ஒரே சீராகத் தூவி, முள்ளுவாரியால் லேசாகக் கிளறி, ஒரு வாரம் அப்படியே விடுங்கள். வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பும், சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பும் இதற்கு ஆகாது. அவை காரம் கூடியவை. மீன் இருக்கும் குளத்தில் போட்டால் மீன் வெந்ததுபோல் ஆகிவிடும்.

விஞ்ஞானம் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் பாசிச்சாயத்தாளைப் பற்றிக் கேளுங்கள். நீலத்தாளை நனைத்ததும் சிவந்தால் தண்ணீரில் இன்னும் புளிப்பு இருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் இன்னும் ஒரு கிலோ டொலமைட்டைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, சில நாள் பொறுத்து மறுபடி பாருங்கள்.

தண்ணீர் பச்சையாக வேண்டும்

கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீர் குடிக்க நல்லது. மீன் வளர்க்க அது பட்டினித் தண்ணீர். இளம் பச்சையாக இருக்கும் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி இருக்கிறது. மீனுக்குச் சாப்பாடும் அதுதான், பகலில் ஒட்சிசன் தருவதும் அதுதான்.

குளம் நிறைந்ததும் 2 கிலோ மாட்டுச் சாணத்தை ஒரு பழைய சாக்கில் கட்டி, மூலையில் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். வாரம் ஒரு முறை மாற்றுங்கள். பத்து நாளில் பச்சை பிடிக்கத் தொடங்கும். சாக்கில் கட்டுவதில் ஒரு வசதி உண்டு. பச்சை கூடிப்போனால் சாக்கை வெளியே எடுத்துவிடலாம். கொட்டிய சாணத்தை எடுக்க முடியாது.

பச்சை சரியாக இருக்கிறதா என்று பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். உங்கள் கையே போதும். கையை நேராகத் தண்ணீருக்குள் விடுங்கள். முழங்கை நனையும்போது உள்ளங்கை மறைந்தால் சரியான அளவு. மணிக்கட்டு நனையும்போதே மறைந்துவிட்டால் பச்சை கூடிவிட்டது. சாக்கை எடுத்துவிட்டு, கொஞ்சம் தண்ணீர் மாற்றுங்கள். தோள் வரை விட்டும் விரல் தெரிந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும்.

செம்மண் கலங்கலைப் பச்சை என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு வெள்ளைப் போத்தலில் தண்ணீர் எடுத்து ஒரு நாள் அசையாமல் வையுங்கள். மண் என்றால் அடியில் படியும், அல்லது செந்நிறமாகவே நிற்கும். கலங்கல் தண்ணீருக்குள் வெயில் இறங்காது. பாசி வளராது. மீனின் செவுளிலும் மண் படியும். கரையில் புல் பிடிக்க வைத்தால் இந்தத் தொல்லை பாதி குறைந்துவிடும்.

இந்தக் காத்திருக்கும் நாட்களில் நுளம்பு பெருகக்கூடாது. தண்ணீர் நிறைந்து மூன்று நாள் கழித்து நாலைந்து கப்பி மீன்களை விடுங்கள். நுளம்புப் புழுவை அவை தின்னும். இன்னொரு நன்மையும் இருக்கிறது. கப்பிகள் சுறுசுறுப்பாக நீந்தினால் உங்கள் தண்ணீர் உயிருக்கு ஏற்றதாகிவிட்டது. அவை செத்தால் காரணத்தைத் தேடுங்கள். நாலு கப்பி போனால் போகட்டும், நாற்பது குஞ்சுக்குக் கொடுத்த காசு தப்பியது.

குஞ்சு விடும் நாள்

20 சதுர மீற்றர் குளத்துக்கு 30 முதல் 40 குஞ்சு போதும். "நூறு விட்டால் நூறு கிடைக்கும்" என்று கணக்குப் போடாதீர்கள். ஒரே காம்பராவில் மூன்று குடும்பம் இருந்தால் எப்படி இருக்கும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மீனுக்கும் அப்படித்தான்.

வெயில் ஏறுவதற்கு முன் அல்லது மாலையில் விடுங்கள். குஞ்சு வந்த பொலித்தீன் பையைக் கட்டு அவிழ்க்காமல் கால் மணித்தியாலம் குளத்தில் மிதக்க விடுங்கள். பிறகு அவிழ்த்து, குளத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் ஊற்றுங்கள். கடைசியில் குஞ்சுகள் தாங்களாகவே நீந்திப் போகட்டும்.

குஞ்சு வாங்குவதற்கு, 1998 ஆம் ஆண்டின் 53 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையின் உத்தியோகத்தர்களை அணுகுங்கள். நக்டா என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும்.

காலைப் பெரட்டுக்கு முன் ஒரு பார்வை

இன்று நான் சொல்வதில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். குளத்தைப் பார்க்க வேண்டிய நேரம் விடியற்காலை.

பகலில் வெயில் பட்டுப் பாசி ஒட்சிசன் தருகிறது. இரவில் அதே பாசியும் மூச்சு விடுகிறது. மீனும் மூச்சு விடுகிறது. அடியில் கிடக்கும் அழுகலும் ஒட்சிசனைத் தின்கிறது. தருவதற்கு யாரும் இல்லை. ஆகவே சூரியன் எழுவதற்குச் சற்று முன்தான் தண்ணீரில் ஒட்சிசன் மிகக் குறைவு. மூன்று நாள் தொடர்ந்து மூட்டம் போட்டு மழை பெய்தால், பகலிலும் பாசி வேலை செய்யாது. நமது மலைகளில் இது சாதாரணமாக நடப்பது.

பெரட்டுக்குப் போகிற வழியில் இரண்டு நிமிடம் நில்லுங்கள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அது பசி அல்ல, மூச்சுத் திணறல். அப்போது தீனி போட்டால் நிலைமை மோசமாகும். தீனியை நிறுத்துங்கள். சாக்கை வெளியே எடுங்கள். புதுத் தண்ணீரைச் சிதறி விழ விடுங்கள். தண்ணீர் வராத நேரம் என்றால், குளத்துத் தண்ணீரையே வாளியால் மொண்டு உயரத் தூக்கித் திரும்பத் திரும்ப ஊற்றுங்கள். பழைய தண்ணீரில் கால் பங்கை அடியிலிருந்து வெளியேற்றிப் புதிது சேர்ப்பது மிகவும் நல்லது. வெளியேறும் தண்ணீரைக் கானுக்கு விடாமல் கோவாவுக்கும் லீக்ஸுக்கும் கீரைக்கும் திருப்புங்கள். அதில் உரச்சத்து இருக்கிறது.

தீனியும் அளவோடுதான். தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் கலந்து, கால் மணித்தியாலத்தில் தின்று முடிக்கிற அளவு மட்டும் போடுங்கள். மீதித் தீனி அடியில் அழுகி அமோனியாவாகும். அது மீனின் செவுளை அரிக்கும். மூட்ட நாளில் தீனியைப் பாதியாகக் குறையுங்கள்.

மேலேயிருந்து வரும் ஆபத்து

தண்ணீரை நீங்கள் எவ்வளவு நன்றாக வளர்த்தாலும் ஒரே மழையில் எல்லாம் போகலாம். மேல் மலையில் புல்லுக்கு மருந்து அடித்திருப்பார்கள். உரம் போட்டிருப்பார்கள். மூட்டக் காலத்தில் கொப்புள நோய்க்குச் செம்பு மருந்து அடித்திருப்பார்கள். நமது ஊற்றுத் தண்ணீர் மென்மையானது. மென்மையான தண்ணீரில் செம்பின் நஞ்சு மீனுக்கு இன்னும் கடுமையாக ஏறும்.

செய்ய வேண்டியது மூன்று. முதலாவது, குளத்துக்கு மேல் பக்கம் ஓர் அடி அகலம், ஓர் அடி ஆழத்தில் ஒரு கான் வெட்டி, மலைத் தண்ணீர் குளத்தைத் தொடாமல் சுற்றிப் போகச் செய்யுங்கள். இரண்டாவது, ஓடையிலிருந்து தண்ணீர் எடுப்பவர்கள் குழாயில் ஒரு திறப்பு வைத்து, மருந்தடிக்கும் நாளிலும் அதற்குப் பிறகு வரும் முதல் மழையிலும் அதை மூடிவிடுங்கள். மூன்றாவது, நாளை எந்த மலைக்கு மருந்தடி என்று பெரட்டில் கண்டக்டர் ஐயாவிடம் கேட்டு வையுங்கள். மருந்தடிக்கும் தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை: தாங்கியை ஓடையில் கழுவாதீர்கள். கீழே மீன் மட்டும் இல்லை, அதே தண்ணீரை அள்ளும் வீடுகளும் இருக்கின்றன.

கூட்டத்தில் கேட்ட கேள்விகள்

"சார், ஏனம் கழுவுற தண்ணிய வீணாக்காம குளத்துக்குத் திருப்பினா என்ன?" என்று ஓர் அக்கா கேட்டார்.

வேண்டாம் அக்கா. சவர்க்காரம் மீனின் செவுளைக் கெடுக்கும். எண்ணெய் மேலே படர்ந்து காற்றைத் தடுக்கும். சோறு வடித்த கஞ்சியும் அதிகமானால் அழுகும்.

"தம்பி, ரெண்டு கிலோ சாணி எந்த மூலைக்கு? ஒரு கூடை கொட்டினா சீக்கிரம் பச்சை வராதா?" என்பது ஒரு பெரியவரின் கேள்வி.

வரும் ஐயா, ஆனால் நிற்காது. பாசி பெருகி ஒரேயடியாகச் சாகும். ஒரு நாள் காலையில் பச்சைத் தண்ணீர் பழுப்பாகி நாற்றம் வீசும். அன்று ஒட்சிசன் முழுக்கப் போய்விடும். மாட்டுக்குக் கூட ஒரே நாளில் ஒரு வாரத்துப் புல்லைப் போடுவதில்லையே.

"எங்க வீட்டுல சீமெந்துத் தொட்டிதான் கட்டப் போறோம். அதுக்கும் டொலமைட் வேணுமா?"

வேண்டாம் தம்பி. புதுச் சீமெந்திலிருந்து சுண்ணாம்பு கசியும். அங்கே பிரச்சினை புளிப்பு அல்ல, காரம். தண்ணீரை நிரப்பி, வாழைத்தண்டு வெட்டிப் போட்டு ஊறவைத்து, சில நாளைக்கு ஒரு முறை இறைத்துவிட்டு மறுபடி நிரப்புங்கள். இரண்டு மூன்று வாரம் இப்படிச் செய்த பிறகு கப்பியை விட்டுப் பாருங்கள்.

"நாங்க நுவரெலியாப் பக்கம். குளிருக்கு மீன் வளருமா?"

நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ். அந்தக் குளிரில் திலாப்பியா தின்பதையே நிறுத்திவிடும். கப்பியும் தாங்காது. அப்படிப்பட்ட இடத்துக்குக் கார்ப் வகை நல்லது, வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும். சோதனைக்கும் நாலைந்து கார்ப் குஞ்சையே முதலில் விடுங்கள். தாழ்ந்த, சூடான தோட்டங்களுக்குத் திலாப்பியா பொருத்தம். எந்த மீனையும் ஓடையில் மட்டும் விடாதீர்கள். அங்கே இருக்கிற நம் நாட்டுச் சிறு மீன்களுக்கு இவை இடைஞ்சல்.

"செத்து மிதக்கிற மீனைக் கொழம்பு வைக்கலாமா, மகன்?" என்று ஓர் ஆச்சி கேட்டார்.

வேண்டவே வேண்டாம் ஆச்சி. எதனால் செத்தது என்று நமக்குத் தெரியாது. மருந்தாக இருந்தால் பிள்ளைகளுக்கு ஆபத்து. கோழிக்கும் போடாமல் புதைத்துவிடுங்கள்.

நிறைவாக

டொலமைட்டுக்கு ஒரு வாரம், பச்சை பிடிக்க இரண்டு வாரம். மொத்தம் மூன்று வாரம் பொறுத்தால் போதும். பிறகு நாளொன்றுக்குக் காலையில் இரண்டு நிமிடம். வாரத்தில் ஒரு நாள் முழங்கைச் சோதனை. இதை வீட்டில் யார் செய்வது என்று இன்றிரவே பேசி முடிவு செய்யுங்கள். "எல்லாரும் பார்ப்போம்" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, குளம் வெட்டியவர்கள் ஒரு போத்தலில் குளத்துத் தண்ணீரைக் கொண்டுவாருங்கள். போத்தலில் வீட்டு இலக்கத்தை எழுதி ஒட்டுங்கள். எல்லாவற்றையும் வரிசையாக மேசையில் வைத்து, எது பச்சை, எது கலங்கல், எது புளிப்பு என்று நாமே சோதித்துப் பார்ப்போம். ஒருவர் குளத்தைப் பார்த்து இன்னொருவர் கற்றுக்கொள்ளலாம்.